முதற் பழம் வீட்டுக்கு

இரவல் காணியில் குடியிருப்போருக்கு மாவோ பலாவோ நட மனம் வருவதில்லை. "காய்க்கும் காலத்தில் நாங்கள் எங்கே இருப்போமோ?" என்பார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய விவசாயக் குடும்பங்கள் பல இக்கேள்வியுடனேயே வாழ்ந்தன. 2009 இற்குப் பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டபோதும் எல்லோராலும் திரும்ப முடியவில்லை. இத்தகையோருக்கு ஏற்றது பப்பாசி. நட்டு ஒன்பது, பத்து மாதங்களில் பழம் தரும்.

ஆனால் திருநெல்வேலிச் சந்தையில் நாம் காண்பது என்ன? நல்ல பழத்தை விற்று, அந்தக் காசில் பிள்ளைக்குப் பிஸ்கற் வாங்கிச் செல்லும் தாய்மாரை. பிஸ்கற் பசியை ஆற்றலாம். பப்பாசியின் சத்தை அது தராது.

பழத்தின் செம்மஞ்சள் நிறப் பொருளை எமது உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். நோயை எதிர்க்கும் வலுவும் குன்றும். இச்சத்து உடலிற் சேரச் சிறிது கொழுப்புத் தேவை. ஆகவே தேங்காய் சேர்த்த சாப்பாட்டோடு பழத்தையும் உண்பது நன்று.

100 கிராம் பழத்தில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் விற்றமின் சீ உண்டு. வளர்ந்த ஒருவரின் ஒரு நாளைத் தேவையின் பெரும்பகுதியை இது தரும். பயறு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் இது உதவும். இரத்தச்சோகை உள்ள பெண்கள் இதனை மனத்திற் கொள்ளவேண்டும். பழத்தின் நார் மலச்சிக்கலைக் குறைக்கும்.

சில எச்சரிக்கைகள். காயின் பாலில் இறைச்சியை மெதுவாக்கும் பொருள் உண்டு. கர்ப்பிணிகள் காயையும் அரைப்பழத்தையும் தவிர்ப்பது நல்லது. நன்கு பழுத்ததை அளவோடு உண்ணலாம். நீரிழிவு உள்ளோர் ஒரு சிறு துண்டோடு நிறுத்தவேண்டும். மாரி காலத்தில் காய்ச்சல் கண்டால், இலைச்சாறு குடித்தால் டெங்கு மாறும் என நம்பி வீட்டில் இருக்கவேண்டாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வளர்ப்பதும் எளிது. குழிக்கு மூன்று கன்று நட்டு, பூத்ததும் ஆண் மரங்களில் ஒன்றிரண்டை விட்டு ஏனையவற்றை அகற்றுங்கள். அடியில் வெள்ளம் நின்றால் வேர் அழுகும். மண்ணை உயர்த்தி நடுங்கள். அரிசி கழுவிய நீரையும் ஊற்றலாம்.

விற்கவேண்டாம் என்று சொல்லவில்லை, காசும் தேவைதான். முதற் பழம் வீட்டுக்கு, மிகுதி சந்தைக்கு என்பதே எமது வேண்டுகோள்.