அப்பா ஓட்டிய வண்டிக்கு வீட்டு வாசலில் மறுபிறவி! நம்பரைப் பார்க்காமல் கை வைத்தால் ஆபத்து!!

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு வாசலில் கோணிச் சாக்கு விரித்திருக்கிறது. அதன் மேல் ஒரு மோட்டார் சைக்கிள். முழுசாக அல்ல, துண்டு துண்டாக!

பிஸ்டன் ஒரு பக்கம். கிராங்க் ஒரு பக்கம். பெயிண்ட் டப்பா நிறைய டீசல். அதில் ஊறுகின்றன போல்ட்டும் நட்டும். நடுவே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வாலிபர்.

"எடைக்குப் போட்டுத் தொலைடான்னா கேக்கறானா?" என்று உள்ளே இருந்து அம்மாவின் குரல்.

சென்னையில் பல தெருக்களில் பார்க்கக் கூடிய காட்சி இது. மாடிப்படிக்கு அடியில் துணி போர்த்திக் கிடந்த அப்பாவின் பழைய வண்டிக்கு மகன் உயிர் கொடுக்கிறான். இப்படி உயிர் பெறும் வண்டிகளில் மவுசு அதிகம் யமஹா ஆர்.எக்ஸ். 100-க்குத்தான்.

98 சி.சி. குதிரை

எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவுடன் சேர்ந்து 1985-ல் இந்த வண்டியை இந்தியாவில் இறக்கியது. 1996-ல் உற்பத்தி நின்றது. 98 சி.சி.தான். ஆனால் குதிரை சக்தி 11! எடை சுமார் 100 கிலோ. முறுக்கினால் பறக்கும்.

ஆசை வைத்தது வாலிபர்கள் மட்டும் அல்ல. சங்கிலி பறிப்பு என்றாலே இந்த வண்டியின் பெயர் அடிபட்ட காலமும் உண்டு. பூட்டி வைத்தாலும் காணாமல் போகும் வண்டி என்ற பெயரும் இதற்கு உண்டு. கதையின் சிக்கல் இங்கேதான் ஆரம்பம்.

வேலை என்ன?

டூ ஸ்ட்ரோக் இன்ஜின். நாலு ஸ்ட்ரோக் வண்டி மாதிரி வால்வு, கேம் என்று தலையில் பாரம் கிடையாது. அதனால் வீட்டிலேயே பிரிக்கத் துணிச்சல் வருகிறது.

சிலிண்டரின் குறுக்களவு 50 மில்லி மீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லி மீட்டர். சிலிண்டர் தேய்ந்திருந்தால் பட்டறையில் கொடுத்து போர் அடிக்க வேண்டும். கால் மில்லி மீட்டர், அரை மில்லி மீட்டர் என்று படிப்படியாகப் பெரிய பிஸ்டன் கிடைக்கும். ஒரு மில்லி மீட்டர் வரை போனால் 98 சி.சி. சுமார் 102 ஆகும். அதற்கு மேல் பிளாக் தாங்குமா என்று பட்டறைக்காரர் பார்த்துச் சொல்வார்.

ஆயில் சீலை மறந்தால் போச்சு! கிராங்கின் இரு பக்கமும் உள்ள சீல், வருஷக் கணக்கில் நின்ற வண்டியில் காய்ந்து விறைத்துப் போயிருக்கும். அது வழியாகக் காற்று உள்ளே போனால் பெட்ரோல் கலவை மெலியும். சூடு ஏறும். பிஸ்டன் ஜாம்! புதுசாகப் போட்ட பிஸ்டன் ஒரே நாளில் பாழ்.

ஆயில் பம்பும் அப்படித்தான். இந்த வண்டியில் 2டி ஆயிலுக்குத் தனி டப்பா. பம்பு அளந்து கொடுக்கும். திரும்ப மாட்டும் போது ஆயில் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றா விட்டால் இன்ஜினுக்கு எண்ணெய் போகாது.

புதுப்பேட்டை படலம்

கம்பெனி வண்டியை நிறுத்தி கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அசல் சாமானுக்கு எங்கே போவது? ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது சாமான் கடைகள். பழசு வேண்டுமென்றால் புதுப்பேட்டை.

"இன்னா தம்பி, இன்னா வண்டி?"

"ஆர்.எக்ஸ். அண்ணே. கேஸ் கிராக் வுட்டுருச்சி."

"கீது, எட்த்துக்க!"

பேரம் முடிகிறது. வாலிபர் சந்தோஷமாக வீடு திரும்புகிறார். அவருக்குத் தெரியாதது ஒன்று. இன்ஜின் நம்பர் அந்தக் கேசில்தான் அடித்திருக்கிறது!

திடுக்கிட வைக்கும் சோதனை

இப்படி வைத்துக்கொள்வோம். ஆறு மாத உழைப்பில் வண்டி தயார். முதல் நாள் தெரு முனையில் வாகன சோதனை. ஆர்.சி.யில் ஒரு நம்பர், இன்ஜினில் வேறு நம்பர். அந்த இரண்டாவது நம்பர் ஏற்கனவே யாரோ கொடுத்த திருட்டுப் புகாரில் இருந்தால்?

அப்பா பெயரில் இருக்கும் நியாயமான வண்டி ஸ்டேஷனுக்குப் போகும். வாலிபர் பதில் சொல்ல வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்பட இடம் இருந்தோ வாங்கினால் 3 ஆண்டு வரை ஜெயில். 2024-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு சொல்வது இது. பில் இல்லாமல், அடிமாட்டு விலைக்கு வாங்கிய சாமான் "சந்தேகப்பட இடம்" ஆகிவிடலாம்.

கேஸ் மாற்றியே ஆக வேண்டுமா? முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸ். அனுமதி வாங்கி, பில்லோடு வாங்கி, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அது அலைச்சல்தான். ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைவதை விட இது தேவலாம்.

பிரேமுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்களும் உஷார்! சேசிஸ் நம்பர் ஹேண்டில்பார் தண்டின் அருகே இருக்கிறது. துருவை எடுக்கிறேன் என்று சாணை பிடித்தாலோ, மேலே தடிப்பாகப் பெயிண்ட் பூசினாலோ நம்பர் மறையும். அழித்தது யார் என்ற கேள்வி வரும்.

சைலன்சரில் கை வைத்தால்...

அடுத்த ஆசை சத்தம். சைலன்சரின் உள் குழாயை உருவி விட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். போலீசாரும் திரும்பிப் பார்ப்பார்கள்! சத்தம், புகை விதிகளை மீறினால் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். லைசென்சும் 3 மாதம் போகும்.

வேகம் கூடுமா என்றால் அதுவும் சந்தேகம். டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் வெறும் புகைக்குழாய் அல்ல. வெளியேறும் கலவையைத் திருப்பித் தள்ளும் வேலையும் அதற்கு உண்டு. குழாயை உருவினால் கார்புரேட்டர் கணக்கு தப்பும். இழுவை குறையும்.

132 சி.சி. வண்டியின் பிளாக்கை எடுத்து இதில் மாட்டுகிறவர்களும் உண்டு. அது ரிப்பேர் அல்ல, மாற்றம். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு விரோதமாக வண்டியை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் தீர்ப்புக் கூறியது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், 6 மாதம் வரை ஜெயில் என்றும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

"விண்டேஜ் வண்டி சார், விட்டுடுங்க" என்பதும் செல்லாது. 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் என்றால் 50 வயதுக்கு மேல் ஆக வேண்டும். அசல் உருவமும் கெடாமல் இருக்க வேண்டும். 1985-ல் வந்த முதல் ஆர்.எக்ஸ்.சுக்கே 2035 வரை அந்தப் பட்டம் கிடையாது.

15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒரு தரம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்ப்பார். இன்சூரன்சும் புகைச் சான்றும் கையில் இருக்க வேண்டும்.

பிஸ்டன் தேய்ந்தால் வேறு பிஸ்டன் உண்டு. டேங்க் துருப்பிடித்தால் வேறு டேங்க் உண்டு. நம்பர் மட்டும் கடையில் கிடைக்காது.

எனவே வாலிபர்களே, ஸ்பானரை எடுக்கும் முன் பீரோவைத் திறந்து அப்பாவின் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். டார்ச் அடித்து இரண்டு நம்பரையும் ஒத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் சாக்கை விரிக்கலாம்!