வேலைநிறுத்தமும் வெறும் சட்டியும்

வேலை இழந்தவனுக்கு உதவித்தொகை உண்டு. உரிமை கேட்டு வேலையை நிறுத்தியவனுக்கு இல்லை! அமெரிக்க மாநிலங்களில் மிகப் பல எழுதி வைத்திருக்கும் விதி இது. ஏன் என்று கேட்டால், "தொழில் தகராறில் சர்க்கார் நடுநிலை வகிக்க வேண்டாமா?" என்கிறார்கள்.

நடுநிலை! நல்ல சொல்தான். ஆனால் ஒரு தட்டில் கம்பெனியின் கஜானா, மறு தட்டில் தொழிலாளியின் காலிச் சட்டி. இந்தத் தராசைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்பதா நடுநிலை?

1974ஆம் ஆண்டு. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஒஹையோ மாநிலத்து யங்ஸ்டவுன் நகரில் உருக்காலைத் தொழிலாளி ஒருவர். அவர் கொடி பிடிக்கவில்லை, கோஷமிடவில்லை. ஆலைக்குக் கரி தந்த சுரங்கங்கள் அதே முதலாளிக்குச் சொந்தம். கரி வரவில்லை, வேலை போயிற்று. உதவித்தொகை கேட்டார். "உன் முதலாளியின் வேறோர் இடத்தில் தகராறு, ஆகவே உனக்கில்லை" என்றது சட்டம். கீழ்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்சநீதிமன்றமோ 1977இல், சட்டம் செல்லும் என்று தீர்த்தது. போராடியவர் ஒருவர், பட்டினி மற்றொருவருக்கு!

நம் நாட்டில் மட்டும் என்ன? 1953இல் தொழில் தகராறுச் சட்டத்தில் லே-ஆப் ஈட்டுத்தொகையைச் சேர்த்தபோது, அதே நிறுவனத்தின் வேறு பகுதியில் நடக்கும் வேலைநிறுத்தத்தால் வேலையிழந்தவனுக்கு அது கிடையாது என்றே எழுதினர்.

நியூயார்க் வேறு வழி கண்டது. 1971இல் அங்கே தொலைபேசித் தொழிலாளர் ஏழு மாதம் போராடினர். எட்டு வாரம் காத்திருந்த பின், சுமார் 33,000 பேருக்கு 4 கோடியே 90 லட்சம் டாலர் வழங்கப்பட்டது. "எங்கள் வரிப் பணத்தில் எங்களுக்கே எதிர்ப்பா?" என்று கம்பெனி வழக்காடியது. மாநிலம் வழங்கலாம் என்று 1979இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முதலாளி கட்டும் வரிதான், மறுக்கவில்லை நாம். அந்த வரிக்கான வருவாயை விளைத்த கை யாருடையது?

2023இல் கலிபோர்னியச் சட்டமன்றம் இத்தகைய மசோதாவை நிறைவேற்றியது. நிதி கடனில் இருக்கிறதென்று கவர்னர் தடுத்தார். கடன் உண்மைதான். அதைத் தீர்க்கும் பொறுப்பு போராடுபவன் வயிற்றுக்கு மட்டுமா?

2025இல் வாஷிங்டன் மாநிலம் ஆறு வாரம் வரை, ஒரிகன் பத்து வாரம் வரை வழங்கச் சட்டம் செய்தன. கணக்கில் சிறிது, கஞ்சிக்குப் பெரிது.

தோழர்களே! வேலைநிறுத்தம் உரிமை என்று ஏட்டில் எழுதிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டால் அந்த உரிமை எத்தனை நாள் நிற்கும்? வாதத்தில் தோற்றுத் திரும்பும் தொழிலாளி சிலர். பிள்ளையின் பசி கண்டு திரும்புபவரே பலர். அந்தப் பசியை ஆயுதமாக்க அனுமதிப்பது நடுநிலை ஆகாது என்பதே நம் வாதம்.