அறுபத்துநான்கு எண்ணிக்கைக்குள் ஒரு புதிய நடனம்

நடனம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன மேடையும், மேடையில் ஆடும் கலைஞரும், கீழே அமர்ந்து காணும் சபையுமாம். ஆனால், பார்ப்போர் என்று ஒரு சாரார் இல்லாமல், வந்தோர் எல்லோருமே ஆடும் நடனங்களும் உலகில் உள. ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில் பேணப்பட்டு, இன்று அந்நாடெங்கும் பரவியுள்ள கொன்ரா நடனம் அத்தகையது.

இதன் வேர் இங்கிலாந்திலே உள்ளது. 1651ஆம் ஆண்டில் ஜோன் பிளேபோர்ட் என்பவர் லண்டனில் வெளியிட்ட நூலொன்று அந்நாட்டுக் கிராமிய நடனங்களைத் தொகுத்துத் தந்தது. குடியேறியோருடன் அந்நடனங்கள் கடல் கடந்து சென்றன. பிற்காலத்தில் வால்ஸ், போல்கா முதலிய புதிய ஆட்டங்கள் வந்து பழையனவற்றை ஒதுக்கியபோதும், நியூ இங்கிலாந்தின் சிற்றூர்கள் அவற்றைக் கைவிடவில்லை. நியூ ஹம்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த றால்ப் பேஜ் என்பார் 1949 முதல் 1984 வரை இதற்கெனவே ஒரு சஞ்சிகையை நடத்தி வந்தார்.

மண்டபத்தில் ஆடுவோர் இரு நீண்ட வரிசைகளாக எதிரெதிரே நிற்பர். அவ்வரிசைகள் இரண்டிரண்டு சோடிகள் கொண்ட சிறு குழுக்களாகப் பிரியும். ஒவ்வொரு குழுவிலும் மேற்புறம் நிற்பது முதற்சோடி. கீழ்ப்புறம் நிற்பது இரண்டாஞ்சோடி. ஒரு சுற்று முடியும்போது முதற்சோடி ஓரிடம் கீழே இறங்கியும், இரண்டாஞ்சோடி ஓரிடம் மேலே ஏறியும் நிற்றல் வேண்டும். அப்பொழுது எல்லோருக்கும் புதிய அயலார் வாய்ப்பர். அவர்களுடன் அதே ஆட்டம் மீண்டும் தொடங்கும். இவ்வாறு ஒருவர் தம் துணையை விட்டகலாமலே வரிசை முழுவதையும் சந்தித்து விடுகிறார். அந்நியராக வந்தோர் அறிமுகமானோராய் வீடு திரும்புவதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

இத்தகைய நடனமொன்றைப் புதிதாக அமைப்பவருக்கு இசை ஒரு கண்டிப்பான சட்டத்தை விதிக்கிறது. மெட்டுக்கு இரு பகுதிகள். ஒவ்வொன்றும் இருமுறை வாசிக்கப்படும். ஒரு முறைக்குப் பதினாறு எண்ணிக்கையாக, மொத்தம் 64. ஆதிதாளத்தின் எட்டு ஆவர்த்தனங்கள் என்று கொண்டால் நம் மாணவர்க்கு எளிதில் விளங்கும். நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை என்ற வேகத்தில் ஒரு சுற்று 32 விநாடிகளில் முடிந்துவிடும். அறுபத்தைந்தாவது எண்ணிக்கை என்பது கிடையாது. அது அடுத்த சுற்றின் முதலாவது எண்ணிக்கையாகும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். முதற் பதினாறு எண்ணிக்கையில் அயலாருடன் கைகோத்து முன்னும் பின்னும் அசைதல் நான்கு; அவருடன் சுழலுதல் பன்னிரண்டு. அடுத்து, நால்வரும் வட்டமாகக் கைகோத்து இடப்புறம் நகர்தல். முழு வட்டம் சுற்றினால் ஒவ்வொருவரும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வர். சொந்தத் துணை குறுக்கே எதிர்வரிசையில் நிற்பார். ஆகவே வட்டத்தை முக்காலிலே நிறுத்துதல் வேண்டும். அப்போது துணைவர் இருவரும் ஒரே வரிசையில் அருகருகே வருவர். முக்கால் வட்டத்துக்கு ஏறக்குறைய ஆறு எண்ணிக்கை போதும். எஞ்சிய இரண்டும் துணையை நோக்கித் திரும்புவதற்கு உதவும். பின்னர் அவருடன் சுழலுதல் எட்டு.

மூன்றாம் பதினாறில் வரிசைகள் முன்சென்று பின்வாங்குதற்கு எட்டு எண்ணிக்கை. பெண்கள் வலக்கை பற்றிக் குறுக்கே கடந்து, எதிர்வரிசை ஆடவரால் இடப்புறமாகத் திருப்பப்படுதற்கு எட்டு. ஆட்டத்தின் கணக்குத் தீர்வது இவ்விடத்திலேதான். இதுவரை ஒரு சோடி முழுவதும் ஒரு வரிசையில் நின்றது. பெண்கள் இடம் மாறியவுடன் முதற்சோடி கீழும் இரண்டாஞ்சோடி மேலுமாக அமைந்து விடுகிறது. இறுதிப் பதினாறில் நால்வரும் இடக்கைகளை நடுவிற் சேர்த்து நட்சத்திரம்போற் சுற்றுதல் எட்டு. புதிய அயலாரை முதுகோடு முதுகாகச் சுற்றிவருதல் எட்டு.

எண்ணிக்கை சரியாகிவிட்டால் மட்டும் போதாது. உடலின் ஓட்டமும் இசைதல் வேண்டும். மேற்கூறிய ஆட்டத்திற் பெண்ணைத் திருப்பிய திசையும், இடக்கை நட்சத்திரம் சுழலும் திசையும் ஒன்றே. அவ்விடத்தில் வலக்கை நட்சத்திரத்தை வைத்தாலும் எண்ணிக்கை மாறாது. ஆனால் சுழன்று வந்தவர் திடீரென நின்று எதிர்ப்புறம் திரும்ப நேரும். தாளிற் குறைவில்லாத நடனம் தளத்திலே தடுக்கிவிடும்.

பிந்துவோருக்கும் இடமளித்தல் வேண்டும். முதியவர் உளர், அன்றுதான் முதன்முதலாக வந்தோரும் உளர். சுழலுதலைச் சற்று முன்னதாக நிறுத்திக்கொள்ளலாம். முதுகோடு முதுகாகச் சுற்றுவதைச் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால், கைகோத்து அசைதல் மெட்டின் முதலடியோடு பொருந்த வேண்டியது. அங்கே பிந்தியவர் எல்லோர் கண்ணிலும் படுவார். ஆதலால் அதற்கு முன்னே நெகிழ்வுள்ள அசைவொன்றை வைப்பது அமைப்பவரின் கடமை. ஒரு குழு தடுமாறினால் அடுத்த சுற்றில் அதன் இருபுறமுள்ளோரும் அயலாரின்றித் தவிப்பர்.

இன்னொரு கேள்வி இதனினும் முக்கியமானது: ஆடுவது யார்? 'கோரஸ் ஜிக்' போன்ற பழைய ஆட்டங்களில் முதற்சோடியே வரிசைக்கு வெளியேயும் நடுவேயும் ஓடியாடும். இரண்டாஞ்சோடி பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும். இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. 1982இல் நடன நூலொன்றை வெளியிட்ட ரெட் சனெல்லா போன்றோர், எல்லோரும் இடையறாது ஆடும் புதிய அமைப்புகளை ஆக்கினர். இப்போது பல இடங்களில் ஆடவர், மகளிர் என்னும் அழைப்புக்கூட மாறி, இடப்புறம் நிற்பவர் வானம்பாடி, வலப்புறம் நிற்பவர் ரொபின் என்று பறவைப் பெயர்கள் வழங்குகின்றன. எவரும் எப்பக்கத்திலும் நின்று ஆடலாம் என்பதே அதன் கருத்து.

ஆகவே புதிய நடனமொன்றை எழுதியவர் மேசைமீது நான்கு நாணயங்களை வைத்து நகர்த்திப் பார்ப்பதோடு அமைதல் ஆகாது. வரிசையின் இரு முனைகளிலும் அயலாரின்றி ஒரு சுற்றுக் காத்திருக்கும் சோடி, தம்முள் இடம்மாறி மீண்டும் ஆட்டத்திற் சேர வழியுண்டா என்று நோக்குதல் வேண்டும். பின்னர் மனிதரைக் கொண்டே ஆடிப் பார்த்தல் வேண்டும். ஆட்டத்தை அறிவிப்பவர் முதலிற் சில சுற்றுகளுக்கே அசைவுகளை உரக்கக் கூறுவார், பிறகு மௌனமாகிவிடுவார். அவர் குரல் ஓய்ந்த பின்னும் வரிசை கலையாமல் ஆடுமாயின், அந்த நடனம் நன்கு அமைந்துவிட்டது என்று கொள்ளலாம்.