தாயைத் தேடும் பாட்டுகள்

அமெரிக்க ராக் பாடகர் சுப்யான் ஸ்டீவன்ஸ் 2015 மார்ச் 31-ல் வெளியிட்ட 'கேரி அண்ட் லோவல்' ஆல்பத்தை முதல் தடவை கேட்டபோது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. 2005-ல் 'இல்லினாய்' ஆல்பத்தில் எக்காளம், வயலின், கோரஸ் என்று அமர்க்களப்படுத்தியவர் அவர். இதில் டிரம் சத்தமே காணோம். கிட்டாரும் முணுமுணுக்கும் குரலும்தான்!

விவரம் தெரிந்து மறுபடியும் கேட்டேன்.

கேரி அவரைப் பெற்ற தாய். மனநோயாலும் குடியாலும் அவதிப்பட்டவர். மகனுக்கு ஒரு வயதானபோதே பிரிந்து போய்விட்டார். பின்னர் அவர் மணந்துகொண்டவர் லோவல். ஆரகன் மாநிலத்தில் அவர்களோடு பையன் கழித்தது 3 கோடைக் காலங்கள்தான். 2012-ல் தாய் புற்றுநோயால் இறந்தார். (லோவலோ கைவிடவில்லை. 1999-ல் சுப்யானோடு சேர்ந்து இசைக் கம்பெனி தொடங்கினார். இந்த ஆல்பமும் அதன் வெளியீடுதான்.)

மொத்தம் 11 பாட்டுகள். சில பகுதிகள் ஆரகனில் ஓட்டல் அறையில் ஐபோனில் பதிவானவை. முதல் பாட்டிலேயே தாயை மன்னித்து விடுகிறார். ஆனால் அடுத்த பாட்டில், வீடியோ கடையில் பிள்ளைகளை விட்டுவிட்டு அவள் போனது நினைவுக்கு வந்துவிடுகிறது. சகோதரனின் மகளை நினைத்துத்தான் மனம் தேறுகிறார். அந்த இடத்தில் ராகமே வெளிச்சமாகி விடுகிறது.

2025-ல் இதன் 10-ம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது, இந்த ஆல்பத்தை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது என்று அவரே பேட்டியில் சொன்னார். தாயை நிம்மதியாக உறங்க விடவில்லையோ என்ற உறுத்தல்! எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளை அவர் எங்கும் திட்டவில்லையே. இரவு டூட்டி முடிந்து வந்தால், இன்றும் அந்த இரண்டாவது பாட்டைத்தான் முதலில் போடுகிறேன்.