எம்.ஜி.பி.க்குள் ஒரு மஸ்டா எஞ்சின்

ஊரில் ஏ-40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஓடிய தலைமுறை நாம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஸ்ராட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோல். எஞ்சினைத் திறக்கலாம், மாற்றலாம் என்ற துணிவு எம்மவருக்கு அங்கேயே வந்துவிட்டது. ஆகவே பிரித்தானியாவுக்கு வந்து ஒன்றிரண்டு வருடத்தில், மகனோ மருமகனோ துருப்பிடித்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இழுத்துவந்து வீட்டு வாசலில் விட்டு, “இதற்குப் புது எஞ்சின் போடப் போகிறேன்” என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அப்பாவுக்குக் கோபம், அம்மாவுக்குக் கவலை. இந்த வேலையில் என்ன இருக்கிறது, அபாயம் எங்கே இருக்கிறது என்பதை வீட்டாரும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறோம்.

பெரும்பாலும் அந்தக் கார் எம்.ஜி.பி.யாக இருக்கும். 1962 முதல் 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் 5 இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. அதன் 1798 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின் ‘பி-சீரிஸ்’ வகை. எம்மூர்க் கேம்பிறிட்ஜின் நெருங்கிய உறவு. இரண்டு எஸ்.யு. காபரேற்றர்களோடு சுமார் 95 குதிரைவலு. உதிரிப்பாகம் இன்றும் தாராளம். புதிய பொடியே 1988 முதல் திரும்பச் செய்து விற்கப்பட்டு வருகிறது.

எஞ்சின் மாற்றுவது பாவம் என்று சில பழைய கார்ப் பிரியர்கள் சொல்வார்கள். எம்.ஜி.பி. விடயத்தில் அது பொருந்தாது என்பது எமது எண்ணம். தொழிற்சாலையே 1973 முதல் 1976 வரை றோவரின் 3.5 லீற்றர் அலுமினிய வி-8 எஞ்சினைப் போட்டு 2,591 கார்கள் செய்தது. அந்த யோசனை கூட முதலில் கென் கொஸ்ரெலோ என்ற தனியாருடையது. பிறகு 2012இல், எம்.ஜி.பி.யின் 50ஆவது ஆண்டை ஒட்டி, புரொன்ற்லைன் என்ற நிறுவனம் புதிய பொடியில் மஸ்டாவின் 2 லீற்றர் எஞ்சினையும் 6 கியர் பெட்டியையும் பொருத்தி 50 கார்கள் மட்டும் செய்தது. வலு 200 குதிரைக்கு மேல். ஆனால் இது அரிய கார்களுக்குச் சொல்லும் நியாயமல்ல. நூற்றுக்கணக்கில் மட்டும் செய்யப்பட்ட காரில் கை வைக்கவேண்டாம்.

ஏன் ரேபோ இல்லாத எஞ்சின்? ரேபோ எஞ்சினுக்குள் காற்றைப் பலவந்தமாகத் தள்ளும். சாதாரண எஞ்சின் தன் மூச்சைத் தானே இழுக்கும். ரேபோ வந்தால் அதன் குழாய்கள், காற்றைக் குளிராக்கும் இன்னொரு றேடியேற்றர், கடும் வெப்பம் எல்லாம் கூடவே வரும், எம்.ஜி.பி.யின் பொனற்றுக்குள் அதற்கெல்லாம் இடம் காணாது. காலை அழுத்திய உடனே, தாமதமில்லாமல், படிப்படியாக வலு ஏறுவதும் இதன் குணம். பழைய பின் அச்சுக்கு அது எவ்வளவோ மேல்.

மஸ்டா எம்.எக்ஸ்-5 எஞ்சினைத் தேடுவதற்கு வேறொரு காரணம் உண்டு. இன்றைய கார்களில் மிகப் பலவற்றில் எஞ்சின் குறுக்காக இருந்து முன் சில்லுகளை ஓட்டுகிறது. எம்.ஜி.பி.யில் அது நீளவாட்டில் இருந்து பின் சில்லுகளை ஓட்டவேண்டும். எம்.எக்ஸ்-5 இன் அமைப்பும் அதுவே. ஆதலால் எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஒன்றாகவே இறக்கலாம். அலுமினியம் என்பதால் பாரமும் குறைவு.

இறக்கினால் உடனே உட்காராது. முன் சஸ்பென்சனைத் தாங்கும் குறுக்குச் சட்டம் எஞ்சினுக்குக் கீழேதான் இருக்கிறது; எண்ணெய்த் தொட்டி அதில் இடிக்கும். தொட்டியை வெட்டி வேறு வடிவில் ஒட்டவேண்டும், அல்லது இதற்கென்று செய்த தொட்டி வாங்கவேண்டும். ஸ்ரியறிங் தண்டுக்கும் எக்சோஸ்ற் குழாய்க்கும் இடைவெளி பார்க்கவேண்டும். எஞ்சினைத் தாங்கும் பிடிகள் புதிதாகச் செய்யப்படவேண்டும். பின் அச்சுக்குப் போகும் புறொப்பெல்லர் தண்டின் நீளம் மாறும். அதைச் செய்பவரிடமே கொடுத்துச் சமநிலை பார்த்து வாங்குங்கள். சமநிலை இல்லாத தண்டு வேகத்தில் காரையே உதறும்.

எம்மவர் தடுமாறும் இடம் வயரிங். பழைய காருக்குத் தாழ்ந்த அமுக்கத்தில் பெற்றோல் போதும். ஊசி வழியாக எரிபொருள் தெளிக்கும் எஞ்சினுக்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேலான அமுக்கம் வேண்டும். பம்பி, குழாய், கிளிப் எல்லாம் அதைத் தாங்கக்கூடியவையாக இருக்கவேண்டும்; பழைய றப்பர்க் குழாயை அப்படியே விட்டால் தீ விபத்துத்தான். மஸ்டாவின் சொந்தக் கொம்பியூட்டர் தன் திறப்பில் உள்ள சிப்பைக் கேட்கும், கிடைக்காவிட்டால் ஸ்ராட் ஆகாது. அதனால் பலர் தனியாக விற்கும் கொம்பியூட்டரை வாங்கி, உருளைச் சோதனை மேடையில் அளவு திருத்துகிறார்கள். 1967க்கு முந்திய எம்.ஜி.பி.யில் பற்றறியின் நேர்முனை பொடியோடு இணைந்திருக்கும். அதை மாற்றாமல் புதிய கொம்பியூட்டரை இணைத்தால் காசு புகையாகப் போகும்.

பிறேக் கடைசி வேலை அல்ல, முதல் வேலை. 95 குதிரைக்குச் செய்த பிறேக்கையும் சஸ்பென்சனையும் வைத்துக்கொண்டு 160 குதிரையை ஓட்ட அனுமதிக்காதீர்கள். மகன் முதலில் எஞ்சினை வாங்கி வந்தால், பிறேக்குக்குக் காசு எங்கே என்று கேளுங்கள்.

இனிக் கடதாசி. எஞ்சின் இலக்கமும் சி.சி.யும் மாறினால் பதிவுப் பத்திரத்தில் மாற்றும்படி ஸ்வான்சியில் உள்ள டி.வி.எல்.ஏ.க்கு அறிவிக்கவேண்டும். 40 வயது கடந்த கார்களுக்கு 2018 மே முதல் எம்.ஓ.ரி. சோதனை கட்டாயமில்லை, ஆனால் கடந்த 30 வருடத்துக்குள் பெரிய மாற்றம் செய்த காருக்கு அந்தச் சலுகை இல்லை. வேறு கொம்பனியின் எஞ்சின் போட்டிருந்தால் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோவதே புத்தி.

காப்புறுதிதான் மிகப் பெரிய ஆபத்து. மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் நிறுவனம் ஒப்பந்தத்தையே செல்லாது என்று தள்ளிவிடலாம். காப்புறுதி இன்றி ஓட்டினால் குறைந்தது 6 புள்ளி. சாரதிப் பத்திரம் எடுத்து 2 வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் பத்திரமே இரத்தாகும். கற்பவராக இருந்து மறுபடி இரண்டு பரீட்சையும் எடுக்கவேண்டும். டெலிவரி ஓடிக் குடும்பம் பார்க்கும் பிள்ளைக்கு அது வேலையும் போவதாகும். பிரசாவுரிமை விண்ணப்பத்திலும் தண்டனைகளைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆகவே எஞ்சின் வாங்குவதற்கு முன்பே, மாற்றிய பழைய கார்களை எடுக்கும் காப்புறுதிக்காரரிடம் விலை கேளுங்கள். 20 வயதுப் பிள்ளைக்கு அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டு அந்த யோசனையே நின்றுபோகவும் கூடும். எடுக்கச் சம்மதித்தால், காரின் பெறுமதியை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளும் பத்திரமாக வாங்குங்கள். செய்த வேலையின் படங்களையும் பற்றுச்சீட்டுகளையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

கழற்றிய பி-சீரிஸ் எஞ்சினைப் பழைய இரும்புக்கு விற்கவேண்டாம். சிலிண்டர்களுக்குள் எண்ணெய் விட்டு, வாய்களை அடைத்து, கராஜின் ஒரு மூலையில் வைத்திருங்கள். காரை விற்கும்போது வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.