புது மினி டிராக்டரின் முதல் 50 மணி: வீட்டாரே செய்யக்கூடிய முதல் சர்வீஸ்



திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று நம் பகுதி எங்கும் வயல்கள் சிறிய துண்டுகளாகவே கிடக்கின்றன. வரப்பும் வாய்க்காலும் குறுக்கிடும் இந்த நிலத்தில் பெரிய டிராக்டர் திரும்பவே இடம் போதாது. அதனால்தான் 15 முதல் 25 குதிரைத்திறன் கொண்ட மினி டிராக்டரை இங்கே பலரும் விரும்புகிறார்கள். நம் குடும்பங்கள் சிலவற்றிலும் அது வந்திருக்கிறது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிரான்சிலும் பல வருடம் உழைத்துச் சேர்த்த பணம் அதில் இருக்கிறது. சில வீடுகளில் உம்மாவின் நகையும் இருக்கிறது.

வாங்கும்போது குதிரைத்திறன் எவ்வளவு, மானியம் உண்டா, தவணை எத்தனை என்றெல்லாம் விசாரிக்கிறோம். முதல் சர்வீஸ் எப்போது என்று கேட்பவர் குறைவு. வண்டியின் ஆயுள் பெரிதும் அந்த ஒரு சர்வீஸைப் பொறுத்தது என்பதால் இந்த இதழில் அதை விளக்குகிறோம்.

50 மணி எப்போது வரும்?

பெரும்பாலான மினி டிராக்டர்களுக்கு முதல் சர்வீஸ், வண்டி 50 மணி நேரம் ஓடியதும் செய்ய வேண்டும். மீட்டர் பலகையில் உள்ள ஹவர் மீட்டர் இந்தக் கணக்கைக் காட்டும். மோட்டார் சைக்கிளுக்குக் கிலோமீட்டர் போல டிராக்டருக்கு மணி நேரம்தான் கணக்கு.

50 மணி என்றதும் மாதக் கணக்கில் ஆகும் என்று தோன்றும். ஆனால் வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து, குறுவைக்குச் சேறடிப்பு தொடங்கிவிட்டால் ஒரு வண்டி நாளைக்கு 8 மணி நேரம் ஓடும். சொந்த வயல் முடிந்ததும் பக்கத்து வயலுக்கு வாடகைக்குப் போகும். ஒரே வாரத்தில் 50 மணி தாண்டிவிடும். வண்டியை நிறுத்த யாருக்கும் மனம் வராத வாரம் அது. டீலரின் மெக்கானிக்கும் அப்போதுதான் கை ஓயாமல் இருப்பார். "இந்த வேலை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் 150 மணியோ 200 மணியோ ஆகிவிடுகிறது.

அவசரம் ஏன்?

புது எஞ்சினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசித்தான் பொருந்துகின்றன. கியர் பற்களும் அப்படித்தான். இந்த உரசலில் மாவு போன்ற இரும்புத் துகள்கள் உதிர்ந்து ஆயிலில் கலக்கும். தொழிற்சாலையில் எஞ்சின் பூட்டும்போது தங்கிய தூசும் அதோடு சேரும். பெரும்பகுதியை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். மீதி ஆயிலோடு சுற்றி வரும். அந்த ஆயிலையே தொடர்ந்து ஓட்டினால், தேய்மானத்தைத் தடுக்க வேண்டிய ஆயிலே தேய்க்கும் பொருளாகிவிடும். அதனால் பிந்தைய ஆயில் மாற்றங்களுக்கு இடைவெளி அதிகம் இருந்தாலும், முதல் மாற்றத்தை மட்டும் இவ்வளவு சீக்கிரம் வைத்திருக்கிறார்கள்.

இதே காரணத்தால், முதல் 50 மணிக்குள் வண்டியை முழுப் பாரத்தில் திணறவிடக் கூடாது. வேலையில்லாமல் நெடுநேரம் ஐடிலிங்கில் ஓடவிடுவதும் நல்லதல்ல.

கை வைக்கும் முன்: வாரண்டி

வண்டியோடு ஒரு சர்வீஸ் கூப்பன் புத்தகம் தந்திருப்பார்கள். முதல் சில சர்வீஸ்களுக்குப் பெரும்பாலும் கூலி இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் நாம்தான் பணம் கொடுக்க வேண்டும். கூப்பனில் டீலரின் முத்திரை இல்லையென்றால் பிற்பாடு எஞ்சினிலோ கியர் பெட்டியிலோ கோளாறு வரும்போது வாரண்டி கிடைக்காமல் போகலாம். ஆகவே முதலில் டீலரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: "நாங்களே ஆயில் மாற்றினால் வாரண்டி நிற்குமா?" முடிந்தால் பதிலை எழுதி வாங்குங்கள்.

டீலரே செய்ய வேண்டும் என்றால் 40 மணியிலேயே போன் செய்து நாள் குறித்து, மெக்கானிக்கை வரவழையுங்கள். அப்போதும் கீழே சொல்லும் வேலைகளைப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். வாரண்டிக்குத் தடையில்லை என்றால், அல்லது பழைய வண்டி வாங்கியிருந்தால், நீங்களே செய்யலாம்.

தேவையான பொருட்கள்

வண்டியின் கையேடு, ஸ்பானர் செட், ஃபில்டர் கழற்றும் கருவி, கிரீஸ் கன், பழைய ஆயிலைப் பிடிக்க அகலமான தொட்டி, புனல், பழைய துணி, சரியான ஆயில், ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர்.

ஆயிலின் தரமும் அளவும் கையேட்டில் இருக்கும். பொதுவாக 15டபிள்யூ-40 டீசல் எஞ்சின் ஆயில் சொல்வார்கள். அளவு வண்டிக்கு வண்டி மாறும். மஹிந்திரா யுவராஜ் 215 ஒற்றை சிலிண்டர் வண்டி. மஹிந்திரா ஜிவோ 245 இரண்டு சிலிண்டர். குபோட்டா பி2441 மூன்று சிலிண்டர். ஒருவர் வண்டிக்கு ஊற்றிய அளவை இன்னொருவர் வண்டிக்கு ஊற்றக் கூடாது. ஃபில்டரைப் பில்லோடு கம்பெனி சரக்காகவே வாங்குங்கள்.

முதல் தடவை செய்பவருக்கு அரை நாள் ஆகும். அஸருக்குப் பிறகு தொடங்கினால் வெளிச்சம் போதாது; காலையில் தொடங்குவது நல்லது.

எஞ்சின் ஆயில் மாற்றும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். எஞ்சினை ஐந்து முதல் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். சற்றுச் சூடான ஆயில் இளகி, அடியில் தங்கிய கசடையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கொதிக்கும் சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும், கவனம்.

தொட்டியை அடியில் வைத்து டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். ஆயில் சொட்டு நிற்கும் வரை காத்திருங்கள். வடிந்த ஆயிலை வெயிலில் பாருங்கள். மெல்லிய மினுமினுப்பு இருந்தால் பயமில்லை. புது எஞ்சினுக்கு அது இயல்பு. கண்ணுக்குத் தெரியும் இரும்புச் சில்லுகள் இருந்தாலோ, ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்தி டீலரைக் கூப்பிடுங்கள். வெளுத்த ஆயில் தண்ணீர் புகுந்ததற்கு அடையாளம்.

புது வாஷர் போட்டு போல்ட்டை முடுக்குங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, மேலே புதிய வளையம் உட்கார்ந்தால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே திருகுங்கள். வளையம் தொட்ட பிறகு எவ்வளவு திருக வேண்டும் என்பது ஃபில்டர் மீதே இருக்கும்; பெரும்பாலும் முக்கால் சுற்று. ஸ்பானர் போட்டு இறுக்க வேண்டாம்.

புது ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, டிப் ஸ்டிக்கைத் துடைத்துத் துடைத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே, மேல் கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் எஞ்சினுக்குக் கெடுதல்தான். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டிக் கசிவு பார்த்து, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள்.

மற்ற வேலைகள்

கியர் பெட்டியும் ஹைட்ராலிக்கும்: சில கம்பெனிகள் இவற்றின் ஃபில்டரையும் 50 மணியிலேயே மாற்றச் சொல்கின்றன; சில ஆயில் அளவு மட்டும் பார்க்கச் சொல்கின்றன. கையேடு சொல்வதே முடிவு.

நட்டு போல்ட்டுகள்: புது வண்டியில் இவை தளர்வது சகஜம். சக்கர நட்டுகளை வரிசையாக இல்லாமல் எதிரெதிராக முடுக்குங்கள். கேஜ் வீல் மாட்டி ஓட்டுபவர்கள் அதன் போல்ட்டுகளைத் தினமும் காலையில் பார்க்க வேண்டும்.

ஃபேன் பெல்ட்: நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்க வேண்டும்.

கிளட்சும் பிரேக்கும்: பெடலின் ஆட்டம் கையேட்டின் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். இடது, வலது பிரேக் பெடல்கள் இரண்டும் ஒரே அளவில் பிடிக்க வேண்டும். ரோட்டில் போகும்போது இரண்டையும் சேர்த்துக் கொக்கி போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் அடித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழும் ஆபத்து உண்டு.

ஏர் ஃபில்டர்: ஆயில் கிண்ணம் உள்ள வகையில் கலங்கிய ஆயிலைக் கொட்டிக் கழுவிப் புதிது ஊற்றுங்கள். காகித வகையை மெதுவாகத் தட்டினால் போதும். தண்ணீரில் நனைக்கக் கூடாது. சேறடிப்பில் தூசி குறைவு. சம்பா அறுவடைக்குப் பிறகு பருத்திக்குக் காய்ந்த நிலத்தை உழும்போது தினமும் பார்க்க வேண்டியிருக்கும்.

டீசல்: ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீரை அதன் திருகு வழியாக வடித்துவிடுங்கள். மாலையில் டேங்கை நிரப்பி வைத்தால் இரவு ஈரம் உள்ளே தண்ணீராகப் படிவது குறையும்.

கிரீஸ்: நிப்பிள் ஒவ்வொன்றையும் முதலில் துடைத்து, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடியுங்கள். சேற்றில் ஓடும் நாட்களில் இது தினசரி வேலை.

கடலோரத்துக்கு உரிய கவனம்

நம் பகுதியில் கடலை ஒட்டிய ஊர்களின் போர் தண்ணீர் உவர்ப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து குழாய் அடைத்து எஞ்சின் சூடேறும். கூலன்ட், அல்லது கையேடு சொல்லும் விகிதத்தில் டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. பேட்டரிக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான். உப்புக் காற்றில் பேட்டரி முனைகள் பூத்துவிடும். சுத்தம் செய்து இறுக்கி, மேலே வேஸ்லின் தடவுங்கள்.

நம் களிமண் காய்ந்தால் கல் போல ஆகிவிடும். வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவுங்கள். ரேடியேட்டர் வலையில் சிக்கிய வைக்கோலை எடுத்துவிடுங்கள். ஆழச் சேற்றில் ஓடிய நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் அச்சு ஆயிலும் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

உயிருக்கு முதலிடம்

எஞ்சின் ஓடும்போது அடியில் எதையும் தொடாதீர்கள். கைலியோடும் துப்பட்டாவோடும் பி.டி.ஓ. தண்டின் அருகே போகவே கூடாது. துணி ஒரு நொடியில் சுற்றிக்கொள்ளும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். பிள்ளைகள் பார்க்கட்டும், ஆனால் தள்ளி நின்று பார்க்கட்டும்.

வடித்த ஆயிலை வாய்க்காலில் கொட்ட வேண்டாம். இங்குள்ள வாய்க்கால் ஆற்றில் சேரும், ஆறு கடலில் சேரும். நடுவில் நம் வயலும் குளமும் இருக்கின்றன. மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள்.

வீட்டில் ஒரு நோட்டு

ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, வண்டியை டிரைவர் ஓட்டும் வீடுகள் நம்மிடம் உண்டு. அங்கே 50 மணி தாண்டியது யாருக்கும் தெரியாமலே போகிறது. டிரைவருக்கு அன்றைய வேலைதான் கண்ணில் படும். தவணை கட்டுவது நாம். ஆகவே வீட்டிலுள்ள சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: தினமும் மாலை ஹவர் மீட்டரைப் பார்த்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். வாடகைக் கணக்குக்கும் அதுவே சாட்சி. சர்வீஸ் நடந்த அன்று மீட்டர் எண், ஆயிலின் பெயர், எத்தனை லிட்டர், யார் செய்தது என்று எழுதி, பில்லையும் அதிலேயே ஒட்டிவிடுங்கள். நாளை வாரண்டி கேட்கவும், வண்டியை விற்கவும் அந்த நோட்டு உதவும்.

கையேடு புரியாதவர்கள் மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, செருமாவிலங்கையில் உள்ள பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரியிலோ விசாரித்துப் பார்க்கலாம். ஏற்கெனவே வண்டி வைத்திருக்கும் அனுபவசாலிகள் பக்கத்து வீட்டுப் புது வண்டிக்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்கினால் அது பெரிய உதவி. முதல் தடவை ஒருவர் கூட இருந்து காட்டிவிட்டால், இன்ஷா அல்லாஹ் இரண்டாம் தடவை அந்த வீட்டுப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.

இந்தக் குறுவைக்கு வண்டி இறக்கியவர்கள் இன்றே ஹவர் மீட்டரைப் பாருங்கள். 40 தாண்டியிருந்தால் ஃபில்டரும் ஆயிலும் வாங்கி வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.