10 சென்ட் போட்டால் அரை மணி நேரம்... காசு கரையும் பயத்தில் பிறந்த நாவல்!

நாவல் எழுத ஆசை இருக்கிறது, நிம்மதியாக உட்கார ஓர் இடம்தான் இல்லை என்கிறீர்களா? அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரிக்கும் 1950-ல் இதே சிக்கல்தான். வீட்டில் கைக்குழந்தை. எழுத உட்கார்ந்தால் அதோடு விளையாடத்தான் மனம் போகும். கதை விற்றால்தான் வீட்டுச் செலவுக்குப் பணம் என்ற நிலையில், தனி அறைக்கு வாடகை கொடுக்க வழியில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தின் பேஸ்மென்ட்டில் வரிசையாக டைப்ரைட்டர்கள் இருந்தன. 10 சென்ட் நாணயம் போட்டால் அரை மணி நேரம் தட்டலாம். அதற்குமேல் இன்னொரு நாணயம். ‘மூட் வரட்டும்’ என்று மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் காசு போய்விடுமே! பிராட்பரியின் விரல்கள் பறந்தன. நடுநடுவே மாடிக்கு ஓடி, அலமாரியில் கைக்குக் கிடைத்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு வருவார்.

9 நாள்கள். செலவு 9 டாலர் 80 சென்ட். கணக்குப் போட்டால் மொத்தமே 49 மணி நேரம்தான்! சுமார் 25,000 சொற்களில் ‘தி ஃபயர்மேன்’ என்ற குறுநாவல் தயார். அதை விரித்து எழுதியதுதான் 1953-ல் வெளியான ‘ஃபாரன்ஹீட் 451’. புத்தகங்களை எரிக்கும் உலகத்தைப் பற்றிய கதை, ஒரு நூலகத்துக்குள் இருந்தே வந்தது.

காசு போடும் டைப்ரைட்டருக்கு இன்று எங்கே போவது? பக்கத்து நூலகத்தில் உட்கார்ந்து, போனில் 30 நிமிட டைமர் வைத்துக்கொள்ளலாம். அந்த அரை மணி நேரம் வாட்ஸ்அப் பக்கம் போகாமல் இருப்பதுதான் கொஞ்சம் கஷ்டம்!